மாற்றலாகி வந்தவர்கள்: புத்தளக் கரையில் அன்றும் இன்றும்

வெள்ளிக்கிழமை பிற்பகல் புத்தளம் பஸ் நிலையத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால், வெளியூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களை யாரிடமும் கேட்காமலே அடையாளம் காணலாம். தோளில் ஒரு பை, அதற்குள் அழுக்குத் துணிகள், கையில் கழுவிய சாப்பாட்டுப் பெட்டி. பார்வை கொழும்பு, குருணாகல், அநுராதபுரம் பஸ்களின் பெயர்ப்பலகைகளிலேயே இருக்கும். ஆசிரியர், தாதி, வங்கி உத்தியோகத்தர், பிரதேச செயலகத்து முகாமைத்துவ உதவியாளர் என்று எல்லாத் துறையினரும் அந்த வரிசையில் உண்டு. திங்கட்கிழமை காலை அதே முகங்கள் அதே நிலையத்தில் வந்து இறங்கும்.

அன்று மாற்றலாகி வந்தவர் வேறுவிதமாக வந்தார். டிரங்குப் பெட்டி, பாய் தலையணைக் கட்டு, பாத்திரச் சாக்கு, கூடவே மனைவி, பிள்ளைகள். சைக்கிள் இருந்தால் அதுவும் ரயிலின் சாமான் பெட்டியில் வந்தது. அடுத்த இடமாற்றக் கடிதம் வரும்வரை இதுதான் ஊர் என்று அவர் எண்ணினார். ஊரும் அவரை அப்படியே எண்ணியது.

இந்த இரண்டு வருகைகளுக்கும் இடையில் இந்தக் கரையில் என்னென்ன நடந்தன என்பதைப் பார்க்க வேண்டும். வந்து சேர்வது இன்று எளிதாகிவிட்டது. வந்த இடத்தில் வாழ்ந்து பழகுவதோ கடினமாகிவிட்டது. இதற்குத் தனிமனிதரின் மனப்பாங்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

கால்வாயில் வந்த அதிகாரம்

வெளியூர் அதிகாரிகளுக்கு இந்தக் கரை நெடுங்காலப் பழக்கம். கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையில் கட்டினார்கள். அங்கே காவலுக்கும் வணிகக் கணக்குக்கும் அனுப்பப்பட்டவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். ஊர் திரும்பாமல் இங்கேயே மாண்டவர்களும் உண்டு. கற்பிட்டியின் பழைய ஒல்லாந்தத் தேவாலயத்தில் உள்ள கல்லறைக் கற்கள் அதற்குச் சான்று.

ஆங்கிலேயர் 1845இல் வடமேல் மாகாணத்தை அமைத்தபோது அதன் தலைநகராக இருந்தது புத்தளம்தான். 1856இல் அந்த இடம் குருணாகலுக்குப் போயிற்று. அதன்பிறகும் உதவி அரசாங்க அதிபர் ஒருவர் புத்தளம் கச்சேரியில் இருந்து ஆண்டார். உப்பளம், காடு, மீன்பிடி, வரி, வழக்கு எல்லாம் அவர் மேசைக்கு வந்தன. தரைப்பாதை மோசமாக இருந்த காலத்தில் கொழும்பையும் புத்தளத்தையும் இணைத்தது, களப்புகளைத் தொட்டுச் செல்லும் கால்வாய்தான். புத்தளத்து உப்பு அதன் வழியாகத் தெற்கே போயிற்று. ஆட்களும் தபாலும் அதே வழியில் வந்தன.

அந்த அதிகாரிக்கு ஒரு கட்டாயக் கடமை இருந்தது. கச்சேரியில் உட்கார்ந்திருந்தால் மட்டும் போதாது, ஆட்சிப் பகுதி முழுவதும் சுற்ற வேண்டும். சுற்றில் கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பில் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். குதிரையிலோ வண்டியிலோ போய், வாடிவீடுகளில் இரவு தங்கி, எந்தக் குளம் உடைந்தது, எந்தக் கிராமத்தில் காய்ச்சல் என்று அவர்கள் எழுதியவை தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. ஆட்சி அந்நிய ஆட்சிதான். அதன் நோக்கம் வரியும் கட்டுப்பாடும். ஆனாலும் மாற்றலாகி வந்தவர் ஊரைத் தெரிந்துகொள்வதை அந்த ஆட்சி அவரவர் விருப்பத்துக்கு விடவில்லை. வேலையின் ஒரு பகுதியாகவே வைத்தது.

கற்பிட்டி மகன் எழுதிய கைந்நூல்

ஊரைத் தெரிந்துகொள்ள வெளியூராருக்கு உதவியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சைமன் காசிச்செட்டி. 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். இளம் வயதிலேயே அரச பணியில் சேர்ந்து புத்தளத்தில் மணியகாரராக இருந்தார். 1834இல் அவருடைய ‘சிலோன் கசற்றியர்’ வெளிவந்தது. இலங்கையின் ஊர்கள், ஆறுகள், துறைமுகங்கள், கோயில்கள், மக்கள் பற்றிய விவரங்களை அகரவரிசையில் தந்த நூல் அது. பின்னர் சட்டநிரூபண சபையில் தமிழருக்கான உறுப்பினராக இருந்தார். சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கையர்களில் ஒருவராகி, சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் பணியாற்றினார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டிய ‘தமிழ் புளூராக்’ 1859இல் வந்தது. மறு ஆண்டு அவர் காலமானார்.

இலக்கிய வரலாற்றில் அவருக்குத் தரப்படும் இடம் பெரிது. அரச ஊழியர் என்ற நிலையில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. தான் பணிசெய்த மண்ணைப் பற்றித் தான் அறிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், அடுத்து வருகிறவனுக்குப் பயன்படும்படி எழுதிவைத்த உத்தியோகத்தர் அவர். அந்த ஒரு செயலை இன்றைய எந்தக் கந்தோரும் பின்பற்றலாம்.

காய்ச்சலுக்குப் பயந்த காலம்

வறண்ட பிரதேசத்துக்கு இடமாற்றம் என்றால் முற்காலத்துக் குடும்பங்கள் முதலில் பயந்தது தூரத்துக்கு அன்று, மலேரியாவுக்கு. 1934–35இல் பரவிய கொள்ளைக்காய்ச்சலில் நாடு முழுவதும் சுமார் 80,000 பேர் இறந்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. கைக்குழந்தையோடு இருக்கும் தாயை இப்படிப்பட்ட இடத்துக்கு அழைத்துப் போவதா என்பது அன்று உண்மையான கேள்வி. கொயினா மாத்திரையும் நுளம்பு வலையும் டிரங்குப் பெட்டியில் கட்டாயம் இருந்தன.

1940களின் நடுவில் டி.டி.டி. தெளிப்பு வந்தது. நோய் வேகமாகக் குறைந்து, 1960களின் இறுதியில் மீண்டும் தலைதூக்கி, மறுபடி அடங்கியது. 2012இன் பிறகு உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லாததால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இந்தக் கரைக்கு வரும் ஊழியரின் வாழ்வில் நேர்ந்த மாற்றங்களில் இதைவிடப் பெரியது இல்லை என்பேன். இன்று வருகிறவர் டெங்குவுக்குக் கவனமாக இருக்கிறார். ஆனாலும் பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்து இடமாற்றத்தை ஏற்கும் நிலை போய்விட்டது.

ரயிலும் பஸ்ஸும் ஆசிரியர்களும்

ரயில் பாதை 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் எட்டியது. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை அரசுடைமையாக, இலாபம் குறைந்த கிராமத்துப் பாதைகளிலும் சிவப்பு பஸ் ஓடத் தொடங்கிற்று. 1960ஆம் ஆண்டின் சட்டத்தால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதுவரை மிஷனோ தனி முகாமையாளரோ நியமித்த ஆசிரியர்கள் அரச சேவைக்குள் வந்தார்கள். நாட்டின் எந்த மூலைக்கும் அவர்களை அனுப்பலாம் என்றாயிற்று.

இதன் பயனை அனுபவித்தது இந்தக் கரை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்பிக்க ஆசிரியர்கள் வந்தார்கள். புத்தளம், கற்பிட்டி, உடப்பு, முந்தல் என்று தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் இருந்த ஊர்களில் அவர்களுக்கு வாடகை வீடு எளிதாகக் கிடைக்கவில்லை. ஹோட்டலும் அதிகம் இல்லை. ஆகவே ஊர் வீடுகளின் முன்னறைகள் திறந்தன. ‘சேர் இருக்கிறார், சத்தம் போடாதீங்க’ என்று பிள்ளைகளை அடக்கிய வீடுகள் பல. பகல் சாப்பாடு அந்த வீட்டிலிருந்து, இரவுச் சாப்பாடு இன்னொரு வீட்டிலிருந்து என்று முறை வைத்துக் கொடுத்தவர்களும் உண்டு.

சேர் சும்மா இருக்க முடியாது. மாலையில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காரும். விளக்கு வெளிச்சத்தில் நடந்த அந்தக் கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை. பெருநாளைக்கு வட்டிலப்பம் வரும், பொங்கலுக்கு அவர் திருப்பிக் கொடுப்பார். முஸ்லிம் ஊரில் இந்து ஆசிரியர், கத்தோலிக்க மீனவர் ஊரில் முஸ்லிம் ஆசிரியர் என்று இருந்தவர்கள், ஊரின் நோன்பையும் திருநாளையும் தங்கள் நாட்காட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஊரே திரளும். உடப்பில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்பு நடக்கும். வெளியூர் ஆசிரியர் பார்வையாளராகப் போய், மறு வருடம் வேலை செய்பவராக நிற்பார்.

அந்தக் காலத்தை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. வீட்டுக்கு அனுப்பும் கடிதம் போய்ப் பதில் வர ஒரு வாரமாகும். தந்தி வந்தால் கை நடுங்கும். தாயின் மரணச் செய்தி கிடைத்து ஊர் போய்ச் சேருமுன் காரியம் முடிந்துவிட்ட கதைகள் பல. கணவனோடு வந்த மனைவிக்கு இந்தப் புதிய ஊரில் என்ன வேலை, என்ன துணை என்று எவரும் கேட்கவில்லை. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் உத்தியோகத்தருக்கு மொழித் தேர்வு ஒரு சுமையாயிற்று. பிடிக்காதவரைத் தூர ஊருக்கு அனுப்பித் தண்டிக்கும் வழக்கமும் இருந்தது. அப்படி வந்தவரின் மனம் ஊரில் ஒட்டப் பல மாதங்கள் பிடிக்கும்.

கடிதம் இல்லாமல் நடந்த இடமாற்றம்

1990 ஒக்டோபரில் இந்தக் கரைக்கு வந்தவர்களின் கதை வேறு. விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர் இருந்த இடத்தை விட்டு எழுந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னாரிலிருந்து பலர் படகுகளில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலானோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று.

அவர்களுக்குள் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தபாற்கந்தோர் ஊழியர்களும் இருந்தார்கள். கையில் நியமனக் கடிதம் இல்லை, சேவைக் கோவை இல்லை. பலருக்கு மாற்று உடையும் இல்லை. அகதி முகாமில் பெயர் பதிந்த ஆசிரியர், அதே முகாமின் ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் தொடங்கினார். முகாம் வாழ்வில் முதலில் ஒழுங்குக்கு வந்தவற்றுள் ஒன்று பாடசாலை என்பதை நான் மதிக்கிறேன். புத்தளத்து மக்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் வீட்டு முற்றத்தையும் தென்னந்தோப்பையும் திறந்துவிட்டார்கள். காலம் நீள நீள, தண்ணீருக்கும் வேலைவாய்ப்புக்கும் பாடசாலை இடத்துக்கும் இரு தரப்பினருக்கும் இடையில் மனக்கசப்பு வந்ததும் உண்மை. வந்தவர் தொகை ஊர் தாங்கும் அளவை மிஞ்சியபோது அரசின் கை போதிய அளவு நீளாததே அதற்குக் காரணம்.

இடமாற்றத்தில் ஊழியர் தாக்குப்பிடிக்க மூன்று வேண்டும் என்பதை இந்தக் கொடுமை எனக்குக் காட்டியது: குடும்பம் பக்கத்தில், செய்ய ஒரு வேலை, கதவைத் திறக்கும் அயல். வீடும் பொருளும் பறிபோன அந்த ஆசிரியர்களுக்கு இந்த மூன்றும் ஏதோ ஓர் அளவில் கிடைத்தன. அதனால் நிமிர்ந்தார்கள்.

இன்று வருகிறவரின் கணக்கு

போர் முடிந்தபின் இந்தக் கரையில் வேலைகள் பெருகின. நுரைச்சோலையில் லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதலாவது 300 மெகாவாற் பிரிவு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாற் ஆயிற்று. காற்றாலைகள் எழுந்தன. கற்பிட்டியில் சுற்றுலா விடுதிகள் பெருகின. வங்கிக் கிளைகள் வந்தன. பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலை முன்பிருந்தே இருக்கிறது. பொறியியலாளர், தொழில்நுட்பவியலாளர், வங்கி முகாமையாளர் என்று எல்லா மாவட்டத்தாரும் வருகிறார்கள்.

பாதை நன்றாகிவிட்டது. 2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறந்தபின் கொழும்பிலிருந்து வரும் நேரமும் சுருங்கியது. பிள்ளையின் முகத்தைத் தினமும் இரவு வாட்ஸ்அப்பில் பார்க்கலாம். சம்பளம் வங்கிக்கு வருகிறது. ஆனாலும் வருகிறவர் குடும்பத்தை அழைத்து வருவதில்லை. ஏன் என்று கேட்டால் கணக்கைத் தெளிவாகச் சொல்வார்.

மனைவியும் வேலை செய்கிறார். அவரையும் சேர்த்து மாற்றித்தர எந்தத் திணைக்களமும் முன்வருவதில்லை. பிள்ளை ஒரு நல்ல பாடசாலையில் இடம் பெறப் பட்ட பாடு பெரிது. அதை விட்டுவிட்டு வந்தால் திரும்பிப் போகும்போது அந்த இடம் கிடைக்காது. வயதான பெற்றோருக்குக் கிளினிக் கொப்பி அங்கே. ஊரில் கட்டிய வீட்டுக்குக் கடன் அங்கே. குவாட்டர்ஸ் இருக்கும் கந்தோர்களிலும் பல கூரை ஒழுகி, கதவு உளுத்துக் கிடக்கின்றன. அனெக்ஸ் வாடகை சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கும். ஆகவே நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்து, மாறி மாறிச் சமைத்து, வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊருக்கு வந்ததும் முதலில் சங்கடப்படுத்துவது தண்ணீர். சுண்ணாம்புக் கல் நிலத்துக் கிணற்று நீரைக் காய்ச்சினால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு ஏறும். சவர்க்காரம் நுரைக்காது, தேநீரின் சுவை மாறும். குடிநீரைக் கலனில் வாங்கப் பழக வேண்டும். அடுத்தது வெயிலும் காற்றும். சோளகம் வீசும் மாதங்களில் கற்பிட்டிக் குடாநாட்டில் மணல் வாசல்படி தாண்டி உள்ளே வரும். உப்புக்காற்றில் மோட்டார் சைக்கிளும் பூட்டும் துருப்பிடிக்கும். இவை எல்லாவற்றுக்கும் ஒரு வருடத்தில் உடம்பு பழகிவிடும்.

மொழி வேறு விஷயம். இந்தக் கரையில் தமிழும் சிங்களமும் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படுகின்றன. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007இல் வந்த பொதுநிருவாகச் சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் ஊழியர் ஐந்து ஆண்டுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. சான்றிதழ் கையில் இருக்கலாம். கற்பிட்டி மீனவத் தாய் தன் நோயைச் சொல்லும் தமிழும், சிலாபத்து விவசாயி வயல் சேதத்தைச் சொல்லும் சிங்களமும் சந்தையில் நின்று, பஸ்ஸில் பக்கத்தில் இருந்து, கல்யாண வீட்டில் உண்டு பழகினால்தான் காதில் ஏறும். வாரத்தின் இறுதியில் ஊரில் இல்லாதவருக்கு அந்த வகுப்பு கிடைப்பதில்லை.

இழப்பு ஊருக்கும் உண்டு. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் இது வெளிச்சமாயிற்று. பெற்றோல் இல்லை, பஸ் குறைந்தது. நகரப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, போக்குவரத்துச் சிக்கல் இல்லாத கிராமப் பாடசாலைகளை மட்டும் நடத்தலாம் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. ஆசிரியர் ஊரிலேயே இருந்த பாடசாலையால் அதைச் செய்ய முடிந்தது. தூரத்திலிருந்து வரும் ஆசிரியர்களை நம்பிய பாடசாலையின் கதவு மூடியே கிடந்தது.

மீனவர் காட்டும் வழி

தொழிலுக்காக ஊர் மாறுவதில் இந்தக் கரையின் மீனவருக்குப் பெரும் அனுபவம் உண்டு. சோளகத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் கிழக்குக் கரைக்குப் போவது நெடுநாள் வழக்கம். அவர்கள் தனியாகப் போவதில்லை. உறவும் படகும் வலையும் சமையல் பாத்திரமும் சேர்ந்து போகும். போகுமிடத்தில் வாடி அமைப்பார்கள், கருவாடு காய வைப்பார்கள், ஜெபமும் அங்கேயே நடக்கும். பருவம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து திரும்புவார்கள். ஆளை மட்டும் பிடுங்கி நடாமல் வேரடி மண்ணோடு எடுத்து நடுவதுதான் அந்த முறை. நமது இடமாற்ற சபைகள் ஊழியரை ஒரு பெயராக, ஒரு வெற்றிடத்தை நிரப்பும் இலக்கமாக மட்டும் பார்க்கின்றன. அவரோடு ஒட்டியிருக்கும் குடும்பம் அந்தப் பட்டியலில் இல்லை.

செய்யக்கூடியவை

இடமாற்றம் தேவை. அது இல்லாவிட்டால் கஷ்டப் பிரதேசம் என்று பெயரிடப்பட்ட ஊர்களின் பிள்ளைகளுக்கு ஆசிரியரே கிடைக்கமாட்டார். வசதியான ஊரில் இருப்பவர் ஓய்வுபெறும்வரை அங்கேயே இருப்பார். ஆனால் அதை மனிதருக்கு ஏற்றதாக நடத்த முடியும்.

கணவன் மனைவி இருவரும் அரச சேவையில் இருந்தால் இருவரின் இடமாற்றத்தையும் ஒன்றாகப் பரிசீலிக்க வேண்டும். மாற்றலாகி வரும் ஊழியரின் பிள்ளைக்கு வந்த ஊரில் பாடசாலை இடமும், திரும்பிப் போகும்போது பழைய பாடசாலையில் இடமும் உறுதியாக வேண்டும். புதுக் கட்டடம் கட்டுமுன் இருக்கும் குவாட்டர்ஸைத் திருத்த வேண்டும். எத்தனை வருடம் என்பதைக் கடமையேற்கும் நாளிலேயே சொல்லி, அந்த நாளில் விடுவிக்க வேண்டும். முடிவு தெரியாத சேவைதான் மனதை அரிக்கிறது.

ஒவ்வொரு பிரதேச செயலகமும் புதிதாக வருகிறவருக்குச் சில பக்கங்களில் ஒரு கைந்நூல் கொடுக்கலாம். எந்தக் கிராமத்தில் எந்த மொழி, எந்தத் தொழில், எப்போது திருவிழா, எந்தக் கிணற்று நீர் குடிக்கலாம், இரவில் எந்த வைத்தியசாலை என்று இருந்தால் போதும். சைமன் காசிச்செட்டி கிட்டத்தட்ட 200 ஆண்டுக்கு முன் தனி ஆளாக நாடு முழுவதற்கும் செய்ததை ஒரு கந்தோர் தன் பிரிவுக்குச் செய்ய முடியாதா?

ஊருக்கும் பங்கு உண்டு. வாடகையை வெளியூரார் என்று ஏற்றாதீர்கள். புதிய டீச்சர் வந்தால் முதல் வாரத்திலேயே ஒரு நேரச் சாப்பாட்டுக்கு அழையுங்கள்.

மாற்றலாகி வரும் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு வார இறுதியையாவது இந்த ஊரில் கழியுங்கள். முடிந்தால் குடும்பத்தை அழைத்து வந்து காட்டுங்கள். உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பவரின் ஊரை ஒருமுறை நடந்து பாருங்கள். அவருடைய மொழியில் நாலு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். விடுவிப்புக் கடிதம் ஒருநாள் நிச்சயம் வரும். அதுவரை இங்கே செலவாகும் வருடங்களும் உங்கள் ஆயுளின் கணக்கில்தான் சேர்கின்றன. அவற்றை வாழாமல் விட்டுவிடாதீர்கள்.